பச்சைத் தண்ணீர்

1959இல் மூன்று காரியங்கள் நடந்தன. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகையை மறித்துக் கட்டிய அணை திறக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் டி.வி. தேசிகாச்சாரி எழுதிய ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூல் டெல்லியில் வெளிவந்தது. நீலப்பச்சைப் பாசிகளை இனம் பிரித்து விவரித்த அந்த நூலைப் பாசியியல் படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். கனடாவில் பிஷப், ஆனெட், கோரம் என்ற மூவர், மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து ஒரு நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்துக்கொண்ட சிறிய மூலக்கூறு அது என்று எழுதினார்கள். சுண்டெலியின் உடம்பில் செலுத்தினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்பதால் அதற்கு ‘விரைவு மரணக் காரணி’ என்று பெயர். பின்னாளில் அது மைக்ரோசிஸ்டின் ஆயிற்று.

தேனிப் பக்கத்திலிருந்து யோசிக்கும்போது இந்த மூன்றும் ஒரே கதையின் மூன்று பாகங்களாகத் தெரிகின்றன. முதலாவது, ஓடிய தண்ணீரை நிற்கவைத்தது. இரண்டாவது, நின்ற தண்ணீரில் யாரெல்லாம் குடியேறுவார்கள் என்று பெயர் சொன்னது. மூன்றாவது, குடியேறியவர் எதைச் செய்ய வல்லவர் என்று காட்டியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த மூன்றையும் சேர்த்துவைத்து நாம் படிக்கவில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. வைகை அணையின் நீர்பிடிப்பில் முங்கிப்போன ஊர்களை விட்டுக் கிளம்பிய குடும்பங்களில் சில இங்கே வந்து குடியேறின. அப்படி வந்த வீட்டுப் பிள்ளைதான் கவிஞர் வைரமுத்து. ஊர் முங்கிய துயரத்தை அவர் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதினார், அதற்கு 2003இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்தத் தண்ணீர் ஊர்களைக் கொடுத்து வாங்கிய தண்ணீர். அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிற உரிமை வடுகபட்டிக்காரர்களுக்கு மற்ற எல்லோரையும்விடக் கூடுதலாக உண்டு.

இந்த ஊரின் இன்னொரு அடையாளம் பூண்டு. கொடைக்கானல் மேல்மலையில் விளைகிற, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு கீழே இறங்கி வந்து விலைபோவது வடுகபட்டிச் சந்தையில்தான். நஞ்சு என்பது ஓர் உயிருக்கு என்னவாக இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள அந்தச் சந்தையே போதும். உரிக்காத, அடிபடாத பூண்டுப் பல்லுக்குள் காரம் கிடையாது. அல்லின் என்ற பொருள் உயிரணுவில் ஓரிடத்தில் இருக்கும். அதை மாற்றும் நொதி வேறோர் அறையில் இருக்கும். பல்லை நசுக்கும்போது நடுச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. பூஞ்சையையும் பூச்சியையும் விரட்டுவதற்குப் பூண்டு தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நாம் உருவத்தில் பெரியவர்கள், சாப்பிடும் அளவும் சிறியது என்பதால் அதை மருந்து என்கிறோம். மைக்ரோசிஸ்டிஸும் தன் நஞ்சைப் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. உயிரணு உடைந்தால்தான் அது தண்ணீரில் கலக்கும். இந்த ஒரு விவரத்தை மனதில் இருத்திக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

பாசி என்று சொன்னாலும் இவை தாவரம் அல்ல, பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அறிவியல் பெயர். சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடும் வித்தையைப் பூமியில் கண்டுபிடித்தவை இவையே. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இவற்றின் உழைப்பால். பின்னால் ஒரு காலத்தில் இவற்றில் ஒன்று வேறோர் உயிரணுவுக்குள் போய்த் தங்கிவிட்டது. அதன் வழித்தோன்றல்தான் இலைகளில் இருக்கும் பசுங்கணிகம். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிற்கிறதே, அந்தப் பச்சை முழுக்க இந்தப் பரம்பரையின் பச்சை. அதே வயலில் அசோலாச் செடி மிதந்தால் அதன் இலைக்குழிக்குள் ஒரு நீலப்பச்சைப் பாசி உட்கார்ந்து காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கிக் கொடுக்கிறது. நெல்வயலின் வளத்தில் இந்தப் பாசிகளுக்குப் பங்குண்டு என்று 1939இலேயே வங்கத்து அறிஞர் பி.கே. டே எழுதினார். ஆகவே இது வில்லனைப் பற்றிய கட்டுரை ஆகாது. நாம் மூச்சுவிடுவதற்கும் சோறு தின்பதற்கும் கடன்பட்டிருக்கும் ஒரு குலத்தில் சில கிளைகளிடம் நஞ்சு இருக்கிறது. அது எப்படி வந்தது, எப்போது நம்மைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி.

நஞ்சு இருப்பது முன்பே தெரியும். 1878இல் அடிலெய்டைச் சேர்ந்த வேதியியலாளர் ஜார்ஜ் பிரான்சிஸ், ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரியில் பச்சைப் படலம் படர்ந்த தண்ணீரைக் குடித்து ஆடுமாடுகளும் குதிரைகளும் செத்ததை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். புரியாமல் இருந்தது வேறொன்று. ஒரு குளத்துப் பாசி கொல்கிறது. அதே இனம், அதே நிறம், அதே உருவம் கொண்ட அடுத்த குளத்துப் பாசி ஒன்றும் செய்வதில்லை. நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னையில் தொடங்கிவைத்து தேசிகாச்சாரி வளர்த்தெடுத்த பாசியியல், உருவத்தைப் படிக்கும் கல்வி. இழையின் அகலம், உறையின் தடிப்பு, கூட்டமாக உயிரணுக்கள் அமரும் விதம் என அது கண்ணைப் பழக்கியது. அந்தக் கல்வி இல்லாமல் அடுத்த அடி எடுத்துவைத்திருக்க முடியாது. ஆனால் நஞ்சு உருவத்தில் எழுதப்படவில்லை.

எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று 1997இல் தெரிந்தது. எல்க்கே டிட்மன், தாமஸ் பியோர்னர் முதலிய ஆய்வாளர்கள் ஜெர்மனியில், பிசிசி 7806 என்ற மைக்ரோசிஸ்டிஸ் வகையில் ஒரே ஒரு மரபணுவைச் சிதைத்தார்கள். பாசி வழக்கம்போல வளர்ந்தது. நஞ்சு மட்டும் நின்றுபோனது. 2000இல் அந்த மரபணுவைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் படிக்கப்பட்டது. பத்து மரபணுக்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருந்தன. மொத்தம் ஏறத்தாழ 55,000 எழுத்துகள். அந்தப் பாசியின் மொத்த மரபுத்தொகுதியில் நூற்றில் ஒரு பங்கு. நடுவில் ஒரு தொடக்கப் புள்ளி. அங்கிருந்து மூன்று மரபணுக்கள் ஒரு திசையிலும் ஏழு எதிர்த்திசையிலும் படிக்கப்படுகின்றன. 1972இல் இந்தப் பாசியை எடுத்த இடம் நெதர்லாந்தில் உள்ள பிராக்மான் என்ற நீர்த்தேக்கம். நஞ்சின் மரபணுக்கள் முதன்முதலில் படிக்கப்பட்டதும் தேக்கிவைத்த தண்ணீரின் பாசியிலிருந்துதான்.

அந்தப் பத்து மரபணுக்கள் செய்யும் வேலை வியக்கத்தக்கது. சாதாரணமாக ஓர் உயிரணு புரதம் செய்யும் வழியைப் பள்ளியில் படித்திருக்கிறோம். டி.என்.ஏ.வின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும், ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும். மைக்ரோசிஸ்டின் இந்த வழியில் வருவதில்லை. நஞ்சின் வரிசை மரபணுவில் நேரடியாக இல்லை. நஞ்சைக் கட்டுகிற பிரம்மாண்டமான நொதிகள்தான் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த நொதிகளின் அமைப்பே நஞ்சின் வரிசையைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு நொதியும் பல பகுதிகள் கொண்டது. ஒரு பகுதி தனக்குரிய அமினோ அமிலத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆற்றல் செலவிட்டு அதைத் தூண்டும். கந்தகப் பிணைப்பில் பிடித்துவைத்து, முந்தைய பகுதி நீட்டும் சங்கிலியில் சேர்க்கும். அடுத்த பகுதிக்குக் கைமாற்றும். கடைசிப் பகுதி சங்கிலியின் இரு முனைகளையும் இணைத்து, ஏழு கண்ணி கொண்ட வளையமாக்கி விடுவிக்கும்.

அந்த ஏழில் ஒன்றின் பெயர் அட்டா. இருபது கார்பன் அணுக்கள் கொண்ட, புரதங்களில் இல்லாத விசித்திரமான அமினோ அமிலம். கொழுப்பு அமிலங்களைச் செய்வது போன்ற வேறொரு முறையில் இதைக் கட்டி, பெப்டைடு கட்டும் முறையோடு அதே வரிசையில் இணைத்திருக்கிறது இந்தப் பாசி. முக்கியமாக வளையத்தின் இரண்டு இடங்களில் தேர்வு கறாராக இல்லை. அங்கே லூசினும் ஆர்ஜினினும் அமர்ந்தால் ஒரு வகை. வேறு அமிலம் அமர்ந்தால் வேறு வகை. இப்படி 250க்கும் மேற்பட்ட மைக்ரோசிஸ்டின்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. இந்த நொதிகளின் மரபணுப் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்து மாறும்போது புது வகை பிறக்கும்.

இந்த முறை மைக்ரோசிஸ்டிஸுக்கு மட்டும் சொந்தமில்லை. நரம்பைத் தாக்கும் சாக்சிடாக்சின், அனடாக்சின் ஆகியவற்றுக்கும் வேறு பாசிகளில் தனித்தனி மரபணுக் கூட்டங்கள் உண்டு. 2008, 2009 ஆண்டுகளில் அவை படிக்கப்பட்டன. இதே குலத்தின் வேதியியல் உயிரையும் காக்கிறது. கடல்முயல் என்ற மெல்லுடலியிலிருந்து எடுக்கப்பட்ட டோலாஸ்டாட்டின் என்ற கொடும் நஞ்சு, உண்மையில் அது தின்ற கடல்வாழ் சயனோபாக்டீரியாவின் சரக்கு என்று பின்னால் தெரிந்தது. அதை ஒட்டிச் செயற்கையாகச் செய்த ஒரு மூலக்கூறை எதிர்ப்புரதத்தோடு இணைத்த மருந்து, 2011 முதல் ஹாட்ஜ்கின் புற்றுநோயாளிகளுக்குத் தரப்படுகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குவதன் அருமை இங்கேதான் விளங்கும்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஒரு நுண்ணுயிர் ஏன் சுமக்க வேண்டும்? தன்னைத் தின்ன வரும் நீர்ப்பூச்சிகளைக் கொல்ல என்று நெடுநாள் நம்பினார்கள். நீர்ப்பூச்சிகளை அது கொல்லவும் செய்கிறது. ஆனால் 2004இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இந்த மரபணுக்களின் வம்சாவளியை வரைந்தபோது, பல உயிரணு கொண்ட விலங்குகள் தோன்றுவதற்கு முன்பே அவை இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கொல்வதற்குப் பூச்சியே இல்லாத காலத்தில் இந்த மூலக்கூறு இருந்திருக்கிறது. பிறகு பல கிளைகள் அதைத் தொலைத்துவிட்டன, சில காத்துவைத்துக்கொண்டன. ஒரே குளத்தில் நஞ்சுள்ளதும் நஞ்சில்லாததும் அக்கம்பக்கமாக வாழ்வதற்கு இதுவே காரணம். 2011இல் இன்னொரு துப்பு கிடைத்தது. வெயில் மிகும்போது மைக்ரோசிஸ்டின் பாசியின் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஒளியின் உக்கிரத்தால் வரும் ஆக்சிஜன் சேதத்தை அந்த உயிரணு மேலாகத் தாங்குகிறது. நமக்கு நஞ்சான பொருள் அதற்கு வெயில் தாங்கும் கவசமும் ஆகலாம்.

நம் கல்லீரலை நினைத்துச் செய்ததில்லை என்றாலும் அதற்கு இந்த நஞ்சு பொருந்திப்போகிறது. பித்த உப்புகளை உள்ளே எடுக்கும் கடத்திகள் கல்லீரல் உயிரணுக்களின் வாசலில் உண்டு. மைக்ரோசிஸ்டின் அவற்றின் வழியே உள்ளே போகிறது. உயிரணுவின் அன்றாட வேலைகளை நிறுத்திவைக்கவும் நடத்தவும் உதவும் இரண்டு பாஸ்படேஸ் நொதிகளை அடைத்துவிடுகிறது. உயிரணுவின் உட்சட்டகம் குலைந்து, கல்லீரலுக்குள் ரத்தம் கசிகிறது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், பச்சை பிடித்த நீர்த்தேக்கத்திலிருந்து வந்த, சரியாகச் சுத்திகரிக்காத தண்ணீர் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் பயன்படுத்தப்பட்டது. சிகிச்சையில் இருந்த 131 பேரில் 116 பேருக்குப் பார்வைக் கோளாறும் வாந்தியும் கண்டது. 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. 52 சாவுகளுக்கு இந்த நஞ்சே காரணம் என்று உறுதியானது. குடிநீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று 1998இல் உலக சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இங்கே பூண்டுப் பல்லை மறுபடி நினைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரைக் கண்டால் காய்ச்சிக் குடி என்பது நம் வீடுகளின் அறிவு. காலராவுக்கும் மஞ்சள்காமாலைக் கிருமிக்கும் அது சரி. மைக்ரோசிஸ்டினுக்குச் சரியில்லை. கொதியில் பாசியின் உயிரணு உடையும். நஞ்சு வெளியே வரும். அந்த வளையம் கொதிநிலையைத் தாங்கி அப்படியே நிற்கும். பாசியைக் கொல்ல மருந்து போடுவதும் இதே ஆபத்துதான். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசி படர்ந்ததும் மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உடைந்த உயிரணுக்களிலிருந்து வெளியேறியது வேறொரு சயனோபாக்டீரியாவின் நஞ்சு. தொல்லை தெரிந்த பிறகு பாசியோடு சண்டை போடுவது காலங்கடந்த வேலை. அதை அங்கே பெருகவிட்டது எது என்று பார்ப்பதுதான் முறை.

ஓடும் ஆற்றில் மைக்ரோசிஸ்டிஸ் கூட்டம் சேர்க்க முடியாது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அணை அதற்கு வீடு. நின்ற தண்ணீரின் மேல்மட்டம் வெயிலில் சூடாகி, கீழே உள்ள குளிர்ந்த தண்ணீரோடு கலக்காமல் மிதக்கும். மைக்ரோசிஸ்டிஸின் உயிரணுவுக்குள் புரதச் சுவர் கொண்ட நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவற்றால் அது வெளிச்சத்துக்கு ஏறும். சர்க்கரை சேர்ந்து கனமானதும் இறங்கும். கீழே சத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறும். காற்று அதை ஒரு கரையில் ஒதுக்கும். அந்தக் கரையில்தான் மாடு தண்ணீர் குடிக்க இறங்கும்.

வெயிலும் நின்ற தண்ணீரும் மட்டும் இருந்தால் போதாது, தீனி வேண்டும். மைக்ரோசிஸ்டினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் பத்து நைட்ரஜன் அணுக்கள் உண்டு, லூசினும் ஆர்ஜினினும் உள்ள அந்த முதன்மை வகையில். அசோலாவுக்குள் வாழும் உறவினரைப் போலக் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்க மைக்ரோசிஸ்டிஸுக்குத் தெரியாது. தண்ணீரில் கரைந்திருப்பதுதான் அதற்கு வழி. தண்ணீரில் அது எங்கிருந்து வருகிறது? வயலில் பயிர் எடுத்தது போக வடிகிற யூரியாவிலிருந்து. ஊர்களின் சாக்கடையிலிருந்து. பாஸ்பரஸும் அப்படியே: அடியுரமும் மலமும் சோப்புநுரையும். முல்லையாறும் கொட்டகுடியும் மூல வைகையும் தாங்கள் கடந்துவரும் ஊர்களின் கழிவைச் சுமந்துகொண்டுதான் வைகை அணைக்கு வருகின்றன. சோத்துப்பாறை அணையில் தெளிவாக இருக்கிற வராக நதி, பெரியகுளத்தைத் தாண்டி வடுகபட்டிக்கு வரும்போது எப்படி இருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. செய்முறை பாசியுடையது, கோடிக்கணக்கான ஆண்டுப் பழமை கொண்டது. சரக்கு நம்முடையது, நேற்று நாம் இறக்கிக்கொடுத்தது.

மரபணுவைத் திருத்த நமக்கு வழியில்லை, தேவையும் இல்லை. சரக்கை நிறுத்த வழி இருக்கிறது. ஆற்றங்கரை ஊர்கள் ஒவ்வொன்றும் தன் கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டு ஆற்றில் விடுவது, மண்ணைச் சோதித்து வேண்டிய அளவுக்கு மட்டும் யூரியா போடுவது, கரையோரம் நாணலையும் மரத்தையும் நிற்கவிடுவது: இவை எல்லாம் தெரிந்த வேலைகள், பல பத்தாண்டுகளாகப் பேசிய வேலைகள். மரபணு ஆய்வு இவற்றோடு புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பத்து மரபணுக்களில் ஒன்று தண்ணீரில் இருக்கிறதா என்று பி.சி.ஆர். சோதனையில் சில மணி நேரத்தில் சொல்லிவிடலாம். கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தக் கருவி இல்லாத மாவட்டத் தலைநகரைத் தேட வேண்டியிருக்கும். நஞ்சின் அளவையே காட்டும் சோதனைகளும் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாத இரண்டு பச்சைகளை இப்போது பிரிக்க முடியும். பச்சை படர்வதற்கு முன்பே சொல்ல முடியும்.

மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் பச்சைப் படலம் படர்ந்து நாற்றம் வீசியபோது, கரையோர மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான்: இது ஆளுக்கும் மாட்டுக்கும் ஆகுமா, ஆகாதா? அந்தக் கேள்விக்கு நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பது நெடுநாளாகத் தெரியும். மரபணுவைப் பார்த்துச் சொல்லலாம் என்பது 1997 முதல் தெரியும். மதுரை நகரமும், ஆண்டிபட்டி சேடபட்டிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து ஊர்களும் வைகை அணைத் தண்ணீரைக் குடிக்கின்றன. மாசி தொடங்கி மழை வரும்வரை வாரத்துக்கு ஒருமுறை, குடிநீர் எடுக்கும் இடத்திலும் ஆடுமாடு இறங்கும் கரையிலும் தண்ணீரை மொண்டு சோதிப்பது அரசுக்குப் பெரிய செலவில்லை.

தேனி, மதுரை நாளிதழ்களில் தினமும் ஒரு மூலையில் அணை நிலவரம் வரும். வைகை: 71 அடியில் இன்று இத்தனை அடி, வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. விவசாயி முதல் டீக்கடைக்காரர் வரை அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நீர்மட்டம் ஓர் அடி ஏறினால் ஊரே பேசும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் வர வேண்டும்: தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு எவ்வளவு என்று. எத்தனை அடி தண்ணீர் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகப் போராடிய பள்ளத்தாக்கு இது. என்ன தண்ணீர் என்பதையும் அதே பிடிவாதத்தோடு கேட்க வேண்டும். ஊரை முங்கக்கொடுத்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கேள்வியை முதலில் கேட்டால், பதில் சொல்லாமல் இருக்க எந்த அதிகாரிக்கும் முகம் இருக்காது.